பிரிசில்லா மீட்ட கணவர்

ரிட்டயரான கணவரை வீட்டில் வைத்துச் சமாளிப்பதே பெரிய பாடு. அவர் வீடியோ கேமும் ஆடினால்? ரிச்சர்ட்ஸ் டவுன் பிரிசில்லாவைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லுவாள்.

அவள் கணவர் டேவிட், மகன் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கேமைத்தான் ஆடுவார். அதைச் செய்த கம்பெனிக்கே இன்று அது ஞாபகம் இருக்காது. ஒரு கட்டடம், உள்ளே பிணைக்கைதிகள், சுற்றிலும் காவல். சுடுவதெல்லாம் கடைசியில்தான். எந்தக் காவல்காரன் எப்போது திரும்புகிறான் என்று பார்த்து, யார் எந்த வாசல் வழியாக ஓட வேண்டும் என்று முதலில் கோடு போட வேண்டும். கட்டடத்தைக்கூட நாமே வரைந்துகொள்ளலாம். ‘கோ’ பட்டனை அமுக்கிவிட்டால் கர்த்தரே வந்தாலும் மாற்ற முடியாது.

“ஊர்ல இருக்கிறவனையெல்லாம் காப்பாத்துறீங்க. சிலிண்டர் தூக்கி வெக்கக் கூப்பிட்டா மட்டும் இடுப்பு வலியா?” என்பாள் பிரிசில்லா.

அன்று டேவிட்டின் அறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. முந்தின நாளும் அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். கேம் கிறுக்கு முற்றிவிட்டது என்று அவளும் விட்டுவிட்டாள். இன்று காபி கொண்டுபோனபோதுதான் உள்ளே இன்னொரு குரல் கேட்டது.

“ஏய் டேவிட்! கேமராவை விட்டு நகரக் கூடாது! சுத்தி ஆள் நிக்கிறாங்க! பின்கேட்ல ரெண்டு பேர்! தப்பிக்க நினைச்சா அவ்ளோதான்!”

“சரிங்க இன்ஸ்பெக்டர் சார்,” என்றார் டேவிட் பரிதாபமாக.

பிரிசில்லா காபியை அப்படியே கீழே வைத்தாள். ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து பார்த்தாள். கொடியில் காய்ந்த லுங்கியைத் தவிர அங்கே யாரும் இல்லை.

மாடி வீட்டு லாவண்யா ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவள். விஷயத்தைக் கேட்டதும் பதறினாள்.

“ஐயோ ஆன்ட்டி, இது டிஜிட்டல் அரெஸ்ட்! போலீஸ் மாதிரி வீடியோ கால் பண்ணி, ரூமை விட்டே வெளியே விடாம உக்கார வெச்சு, பாங்க்ல இருக்கிறதை உருவிடுவாங்க. ஸ்டேஷனுக்கு ஓடுங்க!”

பாங்கில் இருந்தது டேவிட்டின் பி.எஃப். பணம். மிச்ச வாழ்க்கைக்கு இருவருக்கும் அதுதான். பிரிசில்லா முதல் வேலையாக அவருடைய ஏடிஎம் கார்டை அரிசி டப்பாவுக்குள் புதைத்தாள். பிறகு கதவில் காதை வைத்தாள்.

“சாப்டீங்களா சார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் டேவிட்.

அட மனுஷா! திருடனைப் போய்ச் சாப்பிட்டாயா என்று கேட்கிறாரே! கூடவே மவுஸ் சத்தம் வேறு, டக் டக்கென்று. குடி முழுகுகிற நேரத்திலும் கேம்!

“தண்ணி லாரி எப்ப உள்ள வரும்?” என்றார் டேவிட் அடுத்ததாக.

“நம்ம வீட்டுக்குத் தண்ணி லாரி வந்து நாலு நாளாச்சு. இவருக்கு கேம்ல லாரி கேக்குது!” என்று புலம்பிக்கொண்டே ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தாள் பிரிசில்லா.

ஏட்டு ஒருவர் கூடவே கிளம்பி வந்தார். “டென்ஷன் பேடாம்மா, நான் பாத்துக்கறேன்,” என்று கன்னடம் கலந்து சொன்னவர் தோளால் ஒரே இடி இடித்தார். தாழ்ப்பாள் பிய்ந்தது.

டேவிட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கை மவுஸில் இருந்தது. இன்னொரு கை, பொறுங்கள் என்று பின்னால் நீண்டது. கம்ப்யூட்டரில் ஒரு கட்டடம், கோடுகள், புள்ளிகள். பக்கத்தில் செல்போனுக்குள் காக்கிச்சட்டை போட்ட ஒருவன்.

“கோ!” என்று கத்தினார் டேவிட்.

ஏட்டு பாய்ந்து போனைப் பிடுங்கினார். அதற்குள் காக்கிச்சட்டை எழுந்து ஓடிவிட்டது. காலி நாற்காலிதான் தெரிந்தது.

“நிஜப் போலீஸைப் பாத்ததும் ஓடிட்டான்!” என்று சிரித்தார் ஏட்டு. “பணம் கிணம் அனுப்பினீங்களா சார்?”

“ஒரு ரூபாகூட இல்ல,” என்றார் டேவிட். ஏட்டின் கையிலிருந்த போனில் தெரிந்த காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிசில்லாவிடம் ஒன்றைச் சொல்வதும் சர்ச் மைக்கில் சொல்வதும் ஒன்றுதான். புருஷனை மீட்ட கதையை அவள் சொல்லச் சொல்ல, ஒற்றை ஏட்டு ஒரு ஜீப் போலீஸ் ஆனார். “நான் மட்டும் கொஞ்சம் லேட்டாப் போயிருந்தா...” என்று அவள் நிறுத்துகிற இடத்தில் பாடகர் குழுவே உச்சுக்கொட்டியது.

டேவிட் வாயே திறக்கவில்லை. கேமைத் தொடவும் இல்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். அது அடித்தால் திடுக்கிட்டார். “பாவம், இன்னும் பயம் தெளியல,” என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள் பிரிசில்லா.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் காலிங் பெல் அடித்தது. வாசலில் கன்னம் ஒட்டிப்போன ஓர் இளைஞன், கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றான்.

“டேவிட் சார் இருக்காராம்மா?”

அதே குரல்! பிரிசில்லா துடைப்பத்தைத் தூக்கினாள். “திருட்டுப் பயலே, வீடு தேடியே வந்துட்டியா! ஏங்க, போலீஸுக்கு போன் போடுங்க!”

டேவிட் ஓடி வந்தார். போன் போடவில்லை. அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

“இன்னாங்க இது? உங்கள ரெண்டு நாள் அடைச்சு வெச்சவன் இவன்தாங்க!”

“எங்களுக்குக் காவல் நின்னவனுங்களுக்குத் தமிழ் தெரியாதும்மா,” என்றான் இளைஞன், துடைப்பத்தின் மேலேயே கண்ணை வைத்தபடி. “நான் மிரட்டுற மாதிரி கத்தினாப் போதும். இன்னா கத்துறேன்னு கேக்க மாட்டானுங்க.”

பிரிசில்லாவுக்கு ஒன்றும் புரியவில்லை. டேவிட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வேலை தர்றோம்னு வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போய், பூட்டி வெச்சு, அடிச்சு இந்தத் திருட்டைச் செய்ய வெச்சிருந்தாங்க பிரிசில்லா, நம்ம ஊர்ப் பக்கத்துச் சந்தாபுராப் பையனை. இவன் சொன்ன கட்டடத்தைத்தான் கேம்ல வரைஞ்சு வழி பாத்தேன். நான் ‘கோ’ன்னு கத்தின நிமிஷம்தான் இவன் தண்ணி லாரியில ஏறித் தப்பிச்சான்.”