ஒரே பாட்டு, பத்துத் தட்டு

ஒரே இசைத்தட்டின் ஆறு பிரதிகளைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தான் க்ளைவ். ஆறு அட்டையிலும் அதே நான்கு பேர், அதே சாம்பல் நிறச் சட்டை, அதே உம்மணாமூஞ்சி.

கல்லாவில் இருந்த லொரெய்ன் அட்டையைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

“வீட்டுல ஆறு பிளேயர் இருக்கோ?”

“சொந்தக்காரங்கல்லாம் கேட்டாங்க.”

“பாவம், இதப் போயா கேக்கணும்? வாஷிங் மெஷின்ல ஸ்பூன் மாட்டிக்கிட்ட சத்தம்.”

“உன் ஆளுங்க மட்டும்? பாடுறதுக்கு முன்னாடி ரெண்டு மணி நேரம் முடிக்கு ஸ்ப்ரே அடிக்கிறாங்க. பாடி முடிச்சதும் இன்னொரு தடவை.”

“என் ஆளுங்க மேடையில ஆடவாவது செய்றாங்க. உன் ஆளுங்க கீபோர்டு முன்னாடி பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. டிரம்ஸ் அடிக்கக்கூட ஆள் கிடையாது, டேப் ரெக்கார்டர்தான்!”

“அதுதான் எதிர்காலம், அம்மணி.”

1982-இல் ஷெஃபீல்டு இளவட்டம் முழுக்க இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ‘பைலான்ஸ்’ இசைக்குழு உள்ளூர்ப் பையன்கள். கரண்டித் தொழிற்சாலையில் மெருகு போடும் க்ளைவுக்கு அவர்கள் குலதெய்வம். ‘வெல்வெட் ஹார்பர்’ பர்மிங்ஹாம்காரர்கள், லேஸ் சட்டையும் உதட்டுச் சாயமுமாக அலைபவர்கள். லொரெய்னின் கோட்டில் அவர்கள் படம் போட்ட பேட்ஜ் மட்டும் நான்கு.

இரண்டு குழுவின் புதுப்பாட்டும் ஒரே வாரத்தில் வந்து தொலைத்தன. அதில்தான் பந்தயம். செவ்வாய்க்கிழமை ரேடியோவில் வாசிக்கும் விற்பனைப் பட்டியலில் பைலான்ஸ் மேலே இருந்தால், அடுத்த சனிக்கிழமை லொரெய்ன் அவனோடு சினிமாவுக்கு வரவேண்டும். ஹார்பர் மேலே இருந்தால், அவன் லேஸ் சட்டை போட்டு, கண்ணுக்கு மை தீட்டித் தொழிற்சாலைக்குப் போகவேண்டும்.

மைகூடப் பரவாயில்லை. ஐந்து மாதமாக வாய்வரை வந்து திரும்பிப்போன கேள்வியை, பந்தயம் என்ற சாக்கில் ஒருவழியாகக் கேட்டிருந்தான். தோற்றுவிட்டால் மறுபடி கேட்கும் தைரியம் தனக்கு வராது என்று அவனுக்கே தெரியும்.

எல்லாக் கடை விற்பனையும் அந்தப் பட்டியலுக்குப் போகாது. ஊருக்கு ஒன்றிரண்டு கடைகளில் மட்டும் விற்றதை ஏட்டில் குறித்து லண்டனுக்கு அனுப்புவார்கள். எந்தக் கடை என்பது வெளியே சொல்லாத ரகசியம். அது இந்தக் கடைதான் என்று க்ளைவ் தானாக முடிவு கட்டியிருந்தான். லொரெய்ன் நிற்காத கடை அவன் கண்ணில் கடையே இல்லை. நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் விற்கும்போது ஆறு தட்டு எதை நகர்த்தும் என்று அவனிடம் கேட்டுவிடாதீர்கள், கோபித்துக்கொள்வான்.

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றான். சற்று நேரத்தில் லொரெய்னும் கோட்டை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே வந்தாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, தெருவைத் தாண்டி எதிர்த்தாற்போல் இருந்த இன்னொரு இசைத்தட்டுக் கடைக்குள் நுழைந்தாள். திரும்பி வரும்போது அவள் கையில் கனமான பை. அதைக் கோட்டுக்குள் மறைத்தபடி தேநீர்க் கடைப் பக்கம் விரைந்தாள்.

அடிப்பாவி! இங்கே வாங்கினால் முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்று அங்கே போய் ஹார்பரை அள்ளுகிறாளே! க்ளைவ் ஒரே ஓட்டமாக மறுபடி பழைய கடைக்குள்ளேயே போனான்.

“இன்னும் நாலா?” என்றார் கல்லாவில் இருந்த முதலாளி ஹாலம். “தம்பி, உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“குடுங்க சார், அவசரம்.”

செவ்வாய்க்கிழமை மதியம் தொழிற்சாலையில் டிரான்சிஸ்டரைச் சுற்றிக் கூட்டம். பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசித்துக்கொண்டு வந்தார்கள். பதினான்காம் இடம், வெல்வெட் ஹார்பர். க்ளைவ் கடித்த ரொட்டியைக் கீழே வைத்தான். பதின்மூன்றாம் இடம், பைலான்ஸ்! பெஞ்சு மேல் ஏறிக் குதித்தவனை மேஸ்திரிதான் இறக்கிவிட்டார்.

சனிக்கிழமை மாலைக் காட்சி முடிந்து, பஸ் நிறுத்தத்தில் ஒரே பொட்டலத்தில் வினிகர் ஊற்றிய சிப்ஸ் தின்றார்கள். என்ன படம் பார்த்தோம் என்று க்ளைவுக்குத் தெரியாது. அவள் சிரிக்கச் சிரிக்க அவனுக்கு மனசு குறுகுறுத்தது.

“ஒண்ணு சொல்லணும், திட்டக்கூடாது. அன்னைக்கு நான் ஆறு வாங்கல. பத்து வாங்கினேன்.”

“தெரியும். ஹாலம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு.”

“நீ மட்டும் யோக்கியமா? நீ எதிர்க்கடைக்குப் போனதப் பாத்துட்டுத்தான் நாலு கூட வாங்கினேன். என்ன பண்ணி என்ன, கடைசியில என் பத்துதானே ஜெயிச்சுது!”

லொரெய்னுக்குச் சிரிப்பில் புரையேறியது.

“உன் பத்துல ஒண்ணுகூட லண்டனுக்குப் போகல, க்ளைவ். எங்க கடை பட்டியல்லயே கிடையாது. அந்த ஏடு இருக்கிறது எதிர்க்கடையில.”

அவன் வாயில் போட்ட சிப்ஸை மெல்லாமல் நின்றான்.

“அப்போ... நீ அங்க போய் அத்தன ஹார்பர வாங்கியும், நாங்க எப்படி ஜெயிச்சோம்?”

அவள் கடைசிச் சிப்ஸை எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

“யாரு ஹார்பர வாங்கினது? என் கட்டிலுக்கு அடியில உன் உம்மணாமூஞ்சிங்கதான் பன்னெண்டு கெடக்கு, மண்டு!”