பேரீச்ச மரம்

"மணி பன்னெண்டு ஆயிடுச்சா டீச்சர்?"

பெனாசிர் இப்படிக் கேட்பது இது நான்காவது முறை.

"அதிகாரி வர்றப்ப வருவாரு. நீ போய் உன் மரத்துக்கிட்ட நில்லு" என்றார் நர்மதா டீச்சர். அவருக்கே இருப்புக் கொள்ளவில்லை. கைவேலைக் கண்காட்சியைப் பார்க்கப் பெரம்பலூரிலிருந்து கல்வி அதிகாரி பன்னிரண்டு மணிக்கு வருகிறார். ஏழாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் கையில் பசைகூட இன்னும் காயவில்லை.

வேண்டாத பொருளில் ஏதாவது செய்ய வேண்டும், அதுதான் தலைப்பு. முட்டை ஓட்டுப் பொம்மையும் ஐஸ் குச்சி வீடும் வருடா வருடம் வருவதுபோல இந்த வருடமும் வந்திருந்தன. பெனாசிர் மட்டும் பேரீச்ச மரம் செய்திருந்தாள்.

தேங்காய் நார் சுற்றிய அடிமரம். உச்சியில், கேசட் நாடாவை விரல் நீளத்துக்கு நறுக்கி ஒட்டிய ஓலைகள். மின்விசிறிக் காற்றில் அவை சலசலத்தன. முதல் பரிசு அட்டையை டீச்சரே அதன் மேல் குத்தியிருந்தார். நேற்று சாயங்காலம் நாடாவை நறுக்கக் கத்தரிக்கோல் கொடுத்ததும் அவர்தான்.

வாசலில் வெள்ளைத் துப்பட்டி தெரிந்தது. பெனாசிரின் அம்மா குல்சும் மூச்சு வாங்க நின்றார்.

"டீச்சர், இவ கேசட்டு எதுவும் எடுத்தாந்தாளா? அலமாரியில பச்சைக் கவர்ல போட்டு வச்சிருந்தேங்க. காலையிலேருந்து வூட்டையே தலைகீழாப் பொரட்டிட்டேன்."

டீச்சர் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். பெனாசிரின் அத்தா சவுதிக்குப் போய் ஐந்து வருடம். இந்த ரம்ஜானுக்கு ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடப் போவதாக அவர் எழுதியிருந்ததை, பெனாசிர் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆள் விடாமல் சொல்லியிருந்தாள். போகிறவர் வருகிறவர் கையில் கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். இந்தப் பெண் பெற்ற தகப்பன் குரலையே நறுக்கிக் கொண்டுவர, அதற்கு முதல் பரிசும் கொடுத்துத் தொலைத்தோமே என்று நினைத்தபோது டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

குல்சும் அதற்குள் மரத்தைப் பார்த்துவிட்டார். கிட்டே போய் ஓர் ஓலையைத் தொட்டுப் பார்த்தார்.

"இதுதானாடி?"

பெனாசிர் தலையாட்டினாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா. பழைய கேசட்டுன்னு சொன்னா, நம்பிட்டேன்" என்றார் டீச்சர். "டவுன்ல டேப் ரிப்பேர் கடையில குடுத்து ஒட்ட முடியுமான்னு நானே கேக்குறேன்."

"எப்ப ஒட்டி எப்ப எடுக்குறதுங்க? ஷஃபியுல்லா அண்ணன் பன்னெண்டு மணி பஸ்ஸுக்குப் பெட்டியோட ஸ்டாப்புல நிக்கிறாரு. மணி என்ன டீச்சர்?"

"பதினொன்னு அம்பத்தஞ்சு."

குல்சும் மகளை அடிக்கக் கை ஓங்கினார். டீச்சர் குறுக்கே வந்ததும் கையை இறக்கிக்கொண்டார்.

"அதுல என்ன இருந்துச்சுன்னு தெரியுமாடி ஒனக்கு?"

"தெரியும்" என்றாள் பெனாசிர்.

குல்சுமின் முகம் என்னவோபோல் ஆகிவிட்டது. துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருவை நோக்கி ஓடினார்.

அவர் திருப்பம் தாண்டியிருக்க மாட்டார், மெயின் ரோட்டில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பெனாசிர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவள் உட்கார்ந்தது அப்போதுதான்.

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அஞ்சு வருசமா அத்தா அத்தான்னு உசுர விடுற. அவரு குரலப் போயி இப்படிக் கண்டதுண்டமா வெட்ட ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"சவுதிக்குப் போற ஷஃபியுல்லா மாமா பஸ் ஏறிட்டாரு. அத்தா வெள்ளிக்கெழம டிக்கெட்டு எடுக்கிறாங்க டீச்சர். அதுக்குள்ள இனிமே எதுவும் போய்ச் சேராது."

"எது போய்ச் சேராது?"

"மாடி கட்டி முடிக்கிற வரைக்கும் வராதீங்கன்னு அம்மா பேசுன கேசட்டு."