முகத்தைக் காட்டிப் பேசுங்க

"மாஸ்க்கைக் கழட்டிட்டுப் பேசுங்க சிஸ்டர்" என்றார் பெரிய டாக்டர்.

அவருக்கு அது ஒரு வியாதி. அவரிடம் யார் பேசினாலும் முகத்தைக் காட்டித்தான் பேச வேண்டும். போன் அடித்தால்கூட வரவேற்பறைப் பெண்தான் எடுத்து, கேட்டு, வந்து சொல்ல வேண்டும். அந்தப் பல் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதைத் திமிர் என்று முடிவுகட்டி நாளாகிவிட்டது.

சிஸ்டர் முகக்கவசத்தை இறக்கினாள். இருபத்திரண்டு வருஷம் அங்கேயே பல் டாக்டர்களுக்குக் கருவி எடுத்துக் கொடுத்தவள். மூன்று வருஷமாகப் பின்பக்க அறையில் புது நர்ஸ்களுக்கு வகுப்பெடுக்கிறாள்.

"இன்னிக்குப் பரீட்சையில உங்க பக்கத்துல கருவி எடுத்துக் கொடுக்க மின்னலும் நிக்கட்டும் டாக்டர்."

மின்னல் என்பது வகுப்பு வைத்த பெயர். ஆறு பேரில் அவளுக்குத்தான் கை வேகம். பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் வராது.

டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "எல்லாரும் வாயை மூடிக்கிட்டு நிக்கிற இடம் சிஸ்டர் இது. உதட்டைப் பார்க்காம இங்க வேலை செய்றது என்ன அவஸ்தைன்னு உங்களுக்குத் தெரியாது."

எனக்கா தெரியாது என்று சிஸ்டர் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். முதல் வாரம் மூடிய முகங்களைப் பார்த்துப் பார்த்து மின்னல் அழுத அன்றைக்கே பாடப்புத்தகத்தை மூடிவைத்தவள் அவள். கண்ணாடி என்றால் உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடிப்பது, குறடு என்றால் இரண்டு விரலால் காற்றைக் கவ்வுவது, எச்சில் உறிஞ்சும் குழாய் என்றால் உதட்டில் சுண்டுவிரல் வைப்பது என்று எல்லாவற்றுக்கும் சைகை வந்தது. பாதி சைகைகள் பிள்ளைகளே கண்டுபிடித்தவை.

காது கேட்கிற எங்களுக்கு இது எதுக்கு என்று ஒருத்தி முணுமுணுத்தாள். அவள் மட்டும் கற்றுக்கொண்டால் சுவரோடா பேசுவாள் என்று சிஸ்டர் ஒரு போடு போட்டாள். அதற்குப் பிறகு ஆறு பேரும் கையால் அரட்டையே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

டாக்டர் ஒருவழியாக இறங்கிவந்தார், ஒரு நிபந்தனையோடு. ஒரே ஒரு தப்பு நடந்தாலும் மின்னல் வீட்டுக்குப் போக வேண்டும். இனிமேல் இப்படி யாரையும் வகுப்பில் சேர்க்கவும் கூடாது. மின்னலின் அப்பா வேறு காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் நிற்கிறார்.

நாற்காலியில் வந்து படுத்தவர் ஒரு லாரி டிரைவர். கடைவாய்ப்பல் உடைந்து வேர் மட்டும் மிச்சம். மெஷினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்திவிடுவோம் என்று சிஸ்டர் வழக்கம்போலச் சொல்லிவைத்தாள்.

மெஷின் கிரீச்சென்று கிளம்பியது. முப்பது வருஷமாக அதோடு குடித்தனம் நடத்துகிற டாக்டர் முகம் சுளிக்காமல் குனிந்தார். அவருடைய விரல் விரிகிற விதத்தைப் பார்த்தே, கேட்பதற்கு முன்னால் மின்னல் கருவியை வைத்தாள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

பாதியில் டிரைவர் முனகினார். டாக்டர் நிறுத்தவில்லை. மறுபடியும் முனகினார், சுவரோரம் நின்ற சிஸ்டருக்கும் மற்ற ஐந்து பேருக்குமே நன்றாகக் கேட்டது. டாக்டர் நிமிரவேயில்லை. கல்நெஞ்சக்காரர் என்று சிஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது டிரைவரின் இடது கை மேலே எழுந்தது. வாய்க்குள்ளேயே கண்ணை வைத்திருந்த டாக்டர் அதைப் பார்க்கவில்லை, மின்னல் பார்த்தாள். டாக்டரின் தோளில் பட்டென்று ஒரு தட்டு தட்டினாள்.

பெரிய டாக்டரைத் தட்டிக் கூப்பிட்டவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் யாரும் கிடையாது. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். மின்னல் கன்னத்தில் விரலை வைத்துப் புருவத்தைச் சுருக்கி, உள்ளங்கையைக் குறுக்கே நிறுத்திக் காட்டினாள். வலிக்கிறது, நிறுத்துங்கள்.

டாக்டர் மெஷினை நிறுத்தினார். மரத்துப்போக இன்னொரு ஊசி போட்டு, வேரை எடுத்து, டிரைவரை அனுப்பிவிட்டு, சிஸ்டரைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டே சிஸ்டர் பின்னால் போனாள். மின்னலை அனுப்பினால் தானும் கிளம்பிவிடுவது என்று தீர்மானித்தாகிவிட்டது. இந்தத் தடவை அவர் சொல்வதற்கு முன்பே முகக்கவசத்தைக் கழற்றினாள்.

டாக்டர் கதவைச் சாத்தினார். "அந்தப் பொண்ணு என்னைத் தட்டுறதுக்கு முன்னாடி, அவர் சத்தம் போட்டாரா?"

இது என்ன கேள்வி என்றிருந்தது சிஸ்டருக்கு. "ரெண்டு தடவை டாக்டர்."

டாக்டர் மெதுவாக உட்கார்ந்தார். மின்னல் பாஸ் என்றார். நாளையிலிருந்து தன் பக்கத்தில் அவள்தான் நிற்க வேண்டும் என்றும் சொன்னார். சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தவளை அவர் கையமர்த்தினார்.

"உங்க சைகை வகுப்புல இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கா?"

"யாருக்கு டாக்டர்?"

"எனக்குத்தான். காது போய் ரெண்டு வருஷமாச்சு."