வேறு விலாசம்

“முடியாது பிள்ளை. என்ர வீட்டு விலாசத்தை நான் ஒருத்தருக்கும் இரவல் குடுக்கிறேல்லை.”

யாழ்ப்பாணத்துக்காரரான சரோஜாதேவி டீச்சர் வாசலில் நின்றபடியே சொன்னார். கேத்ரின் இடுப்பில் கைக்குழந்தையோடு தூறலில் நின்றாள்.

“பேருக்குத்தான் டீச்சர். பார்சல நானே வந்து எடுத்துக்குவேன்.”

“கொம்பனிக்காரன் கேட்டா உம்மட சனம் இஞ்சதான் இருக்கினம் எண்டு நான் பொய் சொல்ல வேணும். நீர் என்னட்டப் படிச்சனீர். அதையோ நான் படிப்பிச்சனான்?”

கேத்ரின் தலவாக்கலை பஜாரிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு, லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, நடந்தே திரும்பினாள்.

2008ஆம் வருடம் அது. கொழும்பில் வேலை செய்த கணவனின் சம்பளம் போதவில்லை. மாமியார் அந்தோனியம்மா மருமகளை குவைத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்ப முடிவெடுத்து, பாஸ்போட்டும் எடுத்து வைத்துவிட்டார். குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை.

போகாமல் இருக்க கேத்ரினுக்கு ஒரு வழிதான் தெரிந்தது. இன்டர்நெட் கடைகளின் சாமானை நாலு பேருக்குக் காட்டி, கடை அவளுக்குக் கொடுத்த நம்பரைப் போட்டு யாராவது வாங்கினால் கொமிஷன். பஜாரில் கொமியூனிகேஷன் என்ற டெலிபோன், இன்டர்நெட் கடை வைத்திருந்த அழகுமுத்துதான் கம்பியூட்டரில் ஒவ்வொரு கடையாகத் திறந்து காட்டினான்.

“இது சேரவே காசு கேக்குது, வேணாம். இது அமெரிக்காக் கடை. டொலர் செக்குதான் அனுப்புவான், அத மாத்துறதுக்குள்ள ஒம் புள்ள பள்ளிக்கூடம் போயிரும். இது கொழும்புக் கடை. பார்சல் தபால்ல வரும், எடுக்கிறப்ப காசு கட்டலாம். ஆனா எல்லாமே கைக்கொழந்தச் சாமான்.”

“லயத்துல வேற என்னண்ணே நெறைய இருக்கு? இதையே போடுங்க.”

அவள் கணக்குத் தப்பவில்லை. பால் போத்தல், ரப்பர் சீட், கம்பளிச் சட்டை என்று லயத்துப் பெண்கள் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஓடர் அத்தனையும் கொழும்புக்குப் போனது. அத்தனையும் ரத்தாகித் திரும்பியது.

லயத்து வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் கிடையாது. பிரிவின் பெயர், தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான். அந்தப் பிரிவில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் அதுதான் விலாசம். கொழும்புக் கடைக்காரர்களுக்கு இது விளங்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கும் ஒருத்தி, பல பெயர்களில் தனக்குத் தானே வாங்கிக் கொமிஷன் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். மாத முடிவுக்குள் வேறு விலாசத்துக்கு ஒரு விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவதாக எழுதினார்கள்.

கேத்ரினுக்குத் தெரிந்தவர்களில் பஜாரில் தனி வீடும் கதவில் இலக்கமும் உள்ளவர் டீச்சர் மட்டும்தான். அவரும் முடியாது என்றுவிட்டார்.

“நாந்தான் சொன்னேனே,” என்றார் அந்தோனியம்மா. “கம்பியூட்டரு கஞ்சி ஊத்துமா? திங்கக்கெழம குவைத்து ஏஜென்டு வாறாரு. புள்ளைய நான் பாத்துக்க மாட்டேனா?”

அந்த வாரக் கடைசியில் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களுக்கு வேறு பேச்சு கிடைத்தது.

“சரோஜா டீச்சருக்குப் பார்சல் வந்துச்சாம். பெட்டி மூல கிழிஞ்சு பால் போத்தலு எட்டிப் பாத்துச்சாம்.”

“கல்யாணமே கட்டாத அம்மாவுக்கு என்னாத்துக்குடி பால் போத்தலு?”

கேத்ரின் குடத்தை இறக்கி வைத்தாள்.

“எந்தக் கடப் பார்சலாம்?”

“நீ விக்கிறியே, அதே கொழும்புக் கடதான்.”

அவள் முகம் மாறியது.

“எனக்கு வெலாசம் தர மட்டும் மனசு வரல. தனக்குன்னா வாங்கத் தெரியுது. லீவுக்கு லீவு கொழும்புக்கு எதுக்கு ஓடுதுன்னு இப்பல்ல வெளங்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கடைசி வரிதான் மறுநாள் பஜார் வரை போனது.

திங்கட்கிழமை காலை, ஏஜென்ட் வருவதற்கு முன், கேத்ரின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற இடம் அது. மாமியாரும் பகலில் கொழுந்தெடுக்கப் போவதால், இனித் தன் பிள்ளையும் அங்கேதான் கிடக்க வேண்டும் என்று பேர் கொடுக்கப் போனாள்.

தொட்டிலுக்குத் தொட்டில் புது ரப்பர் சீட் விரித்திருந்தது. ஜன்னலோரம் புதுப் பால் போத்தல்கள்.

“ஏது ஆயா இதெல்லாம்?”

பிள்ளைகளைப் பார்க்கும் ராக்காயி குரலைத் தாழ்த்தினாள்.

“சரோஜா டீச்சர் சனிக்கெழம ஆட்டோவுல கொண்டாந்து எறக்கிட்டுப் போச்சு. யாருக்கிட்டயும் சொல்லாதேன்னுச்சு. நீயும் சொல்லிறாத.”

கேத்ரின் பேர் கொடுக்கவில்லை. குழந்தையோடு நேரே பஜாருக்கு நடந்தாள்.

டீச்சர் பள்ளிக்கூடம் போகக் குடையை எடுத்துக்கொண்டிருந்தார்.

“டீச்சர், பார்சலு... எந் நம்பரு போட்டா வாங்குனீங்க?”

“ஓம். அழகுமுத்துவின்ர கடையில பெரிசா ஒட்டி வச்சிருக்கிறீர்தானே.”

“வெலாசம் தர மாட்டேன்னீங்களே?”

“இரவல் குடுத்தாத்தான் பொய். நானே வாங்கினா அது விற்பனை. கொழும்பில ஒத்துக்கொண்டிட்டினமாம், உம்மட கணக்கை மூடேல்லை. ஏஜென்ட் வந்தா மாமியிட்டச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும்.”

கேத்ரின் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். வாசலிலேயே நின்றாள்.

“என்ன?”

“டீச்சர்... ஊருக்குள்ள உங்களப் பத்தி ஒரு கத...”

“கேள்விப்பட்டனான்.” டீச்சர் கதவைப் பூட்டினார். “ஆர் சொன்னதெண்டும் கேள்விப்பட்டனான்.”

கேத்ரின் தலை குனிந்தாள்.

“வளந்த ஆக்களின்ர சாமானும் விக்கிற கடையா ஒண்டு பார்த்துச் சேரும் பிள்ளை,” என்றார் டீச்சர், குடையை விரித்துக் குழந்தையின் பக்கம் சரித்தபடி. “அடுத்த மாதமும் நான்தானே வாங்க வேணும்.”