கண் திறக்கும் காட்சி

பக்தித் தொடர்களின் பத்தினிகளுக்கும் பாவிகளுக்கும் இருபது வருடமாக டப்பிங் பேசிவரும் சுகந்தி, இறந்த மகனை மடியில் கிடத்தி அம்மனை ஏசும் வசனத்தை ஒரே டேக்கில் முடித்தாள். "நீ கல்லுதாண்டி. இத்தன நாளும் கல்லத்தான் கும்பிட்டிருக்கேன்." கண்ணாடிக்கு அப்பால் சவுண்ட் இன்ஜினியர் ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டான். ஆஸ்பத்திரியில் கிடந்த மகனுக்காக அவள் தீச்சட்டி எடுத்ததும், போன மாதம் அவன் பிழைக்காமல் போனதும் ஜெரோமுக்குத் தெரியும்.

அடுத்த வசனம் சின்னது. கோயில் மணி அடிக்கும், பையன் கண் திறப்பான், தாய் "நீ இருக்கே தாயி" என்பாள். மணி அடித்தது. பையன் கண் திறந்தான். திரையில் நடிகையின் உதடுகள் அசைந்தன. சுகந்தி பேசவில்லை.

"லிப் போயிடுச்சுக்கா" என்று ஜெரோம் காட்சியைப் பின்னால் ஓட்டினான். பையன் மறுபடி செத்தான், மறுபடி எழுந்தான். அவள் பேசவில்லை. ஏழாவது தடவை ஜெரோம் மெதுவாகச் சொன்னான்: "முடியலைன்னா விட்டுடுங்கக்கா. வேற யாரையாவது பேச வச்சுக்கலாம்."

சுகந்தி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேணாம் தம்பி, பேசிடுவேன். இன்னொரு தடவ போடுங்க. மணி அடிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாலேர்ந்து."