வண்டிக்கு அடியில் ஒரு 'டா'

பிக்கப் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்ததும் முதல் பிடி மண் என் வாய்க்குள்தான் விழுந்தது.

துப்பினேன். சந்தோஷமாகவே துப்பினேன். என் சகலையால் முடியாத வேலை ஒன்று இந்த வீட்டில் இருக்கிறதே.

குழாய் ஒழுகினால் அவன். ஃபேன் கத்தினால் அவன். மாமாவின் இந்த வண்டி லேசாக இருமினாலும் அவன்தான். பக்கத்து வீட்டுப் பையனாக இந்த வீட்டுக்குள் ஓடி விளையாடி, கடைசியில் இளைய மகளையே கட்டிக்கொண்டவன். மாமா அவனை வாய் நிறைய 'டா' போட்டுத்தான் கூப்பிடுவார். எங்கடா போன, வாடா, தின்னுட்டுப் போடா.

நான் மூத்த மாப்பிள்ளை. எனக்கு 'வாங்க மாப்பிள்ளை'. அப்புறம், 'பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?' அதற்குப் பிறகு நானும் அவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அது மரியாதை என்கிறாள் என் மனைவி. மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒருவன் ஒரு 'டா'வுக்கு வயிறெரியலாமா என்று கேட்டால், கூடாதுதான். ஆனாலும் எரிகிறது.

நேற்று மாமாவோடு பெட்ரோல் போடப் போனபோதுதான் கவனித்தேன். கொஞ்சம் ஊற்றுவதற்குள் குழாய் டக்கென்று நின்றது. மறுபடி அழுத்தினால் மறுபடி டக். டேஷ்போர்டில் மஞ்சள் லைட் வேறு. மாமா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மூடிக்கொண்டார். செல்ல மாப்பிள்ளையை என்னிடம் விட்டுக்கொடுக்க மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போனில் தேடிப் படித்தேன். டேங்கில் கிளம்பும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் ஒரு கரி டப்பா பிடித்து வைக்கிறது. அந்த டப்பா மூச்சு விடுவதற்கு கரண்டில் திறந்து மூடும் ஒரு வால்வு, பெயர் சாலினாய்டு. அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் டேங்குக்கு மூச்சு முட்டும், ஊற்றுகிற பெட்ரோலை வாங்காது.

ஷெட் அலமாரியில் பார்த்தால் புது வால்வு, அட்டைப்பெட்டி கூடப் பிரிக்காமல் இருக்கிறது. வாங்கி வைத்துவிட்டு மாட்டத் தெரியாமல் முழித்திருக்கிறான் சகலை. பழம் நழுவிப் பாலில் விழுந்தது எனக்கு.

பெண்கள் கடைக்குப் போயிருந்தார்கள். சகலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருந்தான். மாமா மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். ஆணியில் தொங்கிய சகலையின் கிரீஸ் பேன்ட்டையும் அவனுடைய ரப்பர் செருப்பையும் மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்துவிட்டேன்.

ஸ்டெப்னியை இறக்கினேன். வயர் சாக்கெட்டின் நாக்கை அழுத்தி உருவினேன். டியூபை முறுக்கிக் கழற்றினேன். ஒரே ஒரு போல்ட், அதுவும் வந்துவிட்டது. பழைய வால்வை வாயில் வைத்து ஊதினால் காற்று போகவில்லை. உள்ளே மண்ணோடு சிலந்தி வேறு குடித்தனம் நடத்தியிருந்தது. புதியதை ஊதினேன், தாராளமாகப் போனது.

புதியதை மாட்டி போல்ட்டை இறுக்கினேன். இவ்வளவுதானா? இதற்கா திணறினான் அந்த சூரன்?

மாமா எழுந்ததும் கையோடு கூட்டிப்போய் டேங்க் நிரப்பிக் காட்ட வேண்டும். அந்த ஆச்சரியத்தில் வாய் தவறி ஒரு 'நீ'யாவது வந்துவிடாதா?

செருப்புச் சத்தம் கேட்டது. மாமாவின் பாதங்கள் என் பாதங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. மூட்டுவலிக்காரர், குனிய மாட்டார். கைக்கெட்டும் மேடையில் ஒரு டீ தம்ளரை வைக்கும் ஓசை. பிறகு ரகசியம் பேசுகிற குரல்.

"டேய், இதைத் தொடாதேன்னு உனக்கு எத்தனை வாட்டிடா சொல்றது? பெரிய மாப்பிள்ளை மாட்டட்டும்னுதானே அந்த வால்வை வாங்கி வச்சிருக்கேன். உன்னை எதுக்கு வேணா கூப்பிடுவேன். அவர்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியலடா எனக்கு. இப்படி ஒரு வேலை இருந்தா, பக்கத்துல நின்னு டார்ச் பிடிச்சுக்கிட்டே நாலு வார்த்தை பேசலாம். நேத்து பங்க்லயே கேட்டிருப்பேன், வாய் வரல. மேல தூங்கறாரு போல. எந்திரிச்சு வரட்டும், இன்னிக்குக் கேட்டுடறேன்."



"ம்" என்றேன், எவ்வளவு முடியுமோ அவ்வளவு சகலையின் குரலில்.

மாமா தன் கால் கட்டைவிரலால் என் பாதத்தைச் செல்லமாக ஒரு இடி இடித்தார். யார் கால் என்று தெரிந்திருந்தால் பதறிப்போய்த் தொட்டுக் கும்பிட்டிருப்பார் மனுஷன். செருப்புச் சத்தம் வீட்டுக்குள் போய் மறைந்தது.

இத்தனை வருஷமாகக் கேட்காதா என்று ஏங்கிய 'டா' ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு சந்தோஷப்படவே முடியவில்லை. மாமா அப்படி ஏங்கிக் காத்திருக்கும் அந்தப் பெரிய மாப்பிள்ளை மேல் எனக்கு வயிறு எரிந்தது.

கையை நீட்டி டீயை எடுத்து, ஒருக்களித்தபடியே குடித்து முடித்தேன். அவனுக்குப் போடுகிற மாதிரி சர்க்கரை தூக்கல்.

பிறகு ஸ்பேனரைத் தேடி எடுத்து, நான் இறுக்கிய போல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.