வாரம் ஒரு ரூபா

தன்னைப் பார்க்க வந்த சைக்கிள் கடை பக்கீர் பாயிடம் பொண்டாட்டி தாயம்மாவின் கம்மலை நீட்டினான் துலுக்கானம்.

"தவணையில சைக்கிள் எடுத்த பாக்கி நானூறு ரூபா கீது பாய். இத வச்சிகினு இன்னிக்கே தீத்துக்க."

"கம்மலு வாணாம்பா. வாரம் பத்து ரூபா கட்டுற இல்ல? இனிமே ஒரு ரூபா கட்டு."

"இன்னா பாய், நக்கலா? முடிய எட்டு வருசம் ஆவுமே!"

"ஆவட்டும். வாராவாரம் நீயேதான் கரையான்சாவடி கடைக்கு வந்து குடுக்கணும். வேற யாரு குடுத்தாலும் வாங்க மாட்டேன்."

அதற்குள் நர்ஸ் வந்து, "ஆபரேசனுக்கு நேரமாச்சு" என்று அவன் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மயக்க ஊசி மெல்ல ஏறியது. தலையெல்லாம் நரைத்த துலுக்கானம், கடைசி ஒரு ரூபாயோடு கரையான்சாவடிக்கு சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தான்.